மெமரி ஃபோம் மெத்தை நமக்கு ஒத்து வருமா? கேளுங்க, சொல்றேன்

17 வருஷமா மெத்தை தொழில்ல இருக்கேன். இலவம்பஞ்சு அடிச்சு தைக்கறதுல ஆரம்பிச்சேன், இப்ப காயர் (தேங்கா நார்), ஃபோம் எல்லாம் பண்றோம். தெரிஞ்சத சொல்றேன், கேளுங்க.

கே: ஒருக்களிச்சுதான் படுப்பேன், காலைல தோளு மரத்துப் போயிருது. இப்ப இருக்கறது கல்லு மாதிரி காயர் மெத்தை. மெமரி ஃபோம் வாங்கலாமா?

ப: உங்கள மாதிரி ஆளுக்குத்தான் இது நல்லா ஒத்து வரும். ஒருக்களிச்சு படுத்தா மொத்த வெயிட்டும் தோள்லயும் இடுப்பெலும்புலயும் இறங்குது, கெட்டி மெத்தை அந்த ரெண்டு இடத்துலயும் முட்டிக்கிட்டு நிக்கும், மெமரி ஃபோம் உடம்பு சூட்டுக்கும் எடைக்கும் மெதுவா இளகி உள்ள வாங்கிக்கும். 1966ல நாசாவுக்காக சார்லஸ் யோஸ்ட்ங்கிறவரு விமான சீட்டுக்கு கண்டுபிடிச்சது, மெத்தையா வந்தது 90கள்லதான்.

ஆனா முழு மெத்தையும் மெமரி ஃபோம் கிடையாது, மேல ரெண்டு மூணு இன்ச்தான் அது, கீழ சாதாரண கெட்டி ஃபோம். அதனால மெமரி லேயர் எத்தனை இன்ச், டென்சிட்டி எவ்வளவுன்னு ரெண்டையும் கேளுங்க. 50 டென்சிட்டின்னா ஒரு கன மீட்டருக்கு 50 கிலோ. 72க்கு 60 சைஸ்ல ரெண்டு இன்ச் லேயர் மட்டுமே 7 கிலோ வரணும். இதுக்கு பதில் சொல்லத் தெரியாத கடைல வாங்காதீங்க.

கே: சென்னைல மொட்டை மாடிக்குக் கீழ வீடு, ஏசி இல்ல. ஷோரூம்ல படுத்துப் பாத்தேன், சூப்பரா இருந்துச்சு.

ப: வேணாங்க. ஷோரூம்ல ஏசி ஓடுது. இந்த ஃபோம் சூட்டுல இளகும், குளிர்ல இறுகும். அங்க 24 டிகிரில அளவா இருந்த மெத்தை உங்க வீட்டு மே மாச ராத்திரில இன்னும் உள்ள வாங்கும், சுத்தி காத்தும் போகாது, முதுகு நனைஞ்சு எந்திரிப்பீங்க. ஜெல் போட்டதுன்னு சொல்லுவாங்க, படுத்த கொஞ்ச நேரம் ஜில்லுன்னு இருக்கும், அப்புறம் அதுவும் உடம்பு சூட்டுக்கு வந்துரும். காயர் மேல பஞ்சு வச்சது பாருங்க, பட்ஜெட் இருந்தா லேட்டக்ஸ், அதாவது ரப்பர் பால்ல செஞ்ச மெத்தை.

கே: எந்த பிராண்ட் நல்லது?

ப: பிராண்ட் சொல்ல மாட்டேன். டென்சிட்டி கேளுங்க.

கே: நான் குப்புறப் படுப்பேன்.

ப: மெமரி ஃபோம் வேணாம். இடுப்பு உள்ள போயி முதுகு வளைஞ்சுரும்.

கே: முதுகு வலிக்கு தரைல பாய் போட்டு படுக்கறதுதான் மருந்து. மெத்தையெல்லாம் வியாபாரம்.

ப: பாய் ஒத்துக்கிட்டா தாராளமா படுங்க. ஆனா எல்லாருக்கும் அதுதான் மருந்துன்னு சொல்லாதீங்க. ஸ்பெயின்ல நாள்பட்ட இடுப்பு வலி இருந்த 313 பேருக்கு கெட்டி மெத்தையும் நடுத்தர மெத்தையும் பிரிச்சுக் குடுத்துப் பாத்தாங்க, 2003ல லான்செட்ங்கிற மருத்துவப் பத்திரிகைல வந்துச்சு. 90 நாள் கழிச்சு நடுத்தர மெத்தைக்காரங்களுக்குத்தான் வலி நல்லா குறைஞ்சிருந்துச்சு.

கே: (அதே நண்பர்) எங்க ஆயா கடைசி வரைக்கும் இலவம்பஞ்சுதான். அதுக்கு ஈடு உண்டா?

ப: இலவம்பஞ்ச நான் எங்க குறை சொன்னேன்? போடிநாயக்கனூர் பஞ்சு வாங்கி தைச்சு சோறு தின்னவன் நான். காத்து போகும், சூடு ஏறாது, நம்ம ஊருக்கு அருமையான பொருள். ஆனா கட்டி தட்டும், அடிக்கடி வெயில்ல போட்டுத் தட்டணும், சில வருஷத்துக்கு ஒருதரம் பிரிச்சு அடிச்சு தைக்கணும். ஆயா காலத்துல தெருவுக்கு வந்து அடிச்சுக் குடுத்தாங்க, இப்ப அந்த ஆள எங்க தேடுவீங்க? ஆள் கிடைச்சா இலவம்பஞ்சே வாங்குங்க, எனக்கும் சந்தோஷம்.

கே: அப்ப மெமரி ஃபோமையும் வெயில்ல காயப் போடலாமா?

ப: கூடவே கூடாது! வெயில் பட்டா ஃபோம் மஞ்சளாகி உதிர ஆரம்பிச்சுரும். நிழல்ல ஃபேன் காத்து போதும். புது மெத்தை வாடையும் அப்படியே சில நாள்ல போயிரும்.

கே: மெத்தைல ஆர்த்தோன்னு (எலும்பு, முதுகுக்கு நல்லதுன்னு) போட்டிருக்கு, வாங்கலாமா? எந்த பிராண்ட் பெஸ்ட்?

ப: ஆர்த்தோன்னு யாரு வேணா அச்சடிக்கலாம். மேல சொல்லிட்டேன், படிங்க.

கே: 4 மாசக் குழந்தைய இதுல படுக்க வைக்கலாமா?

ப: வைக்காதீங்க. முகம் அமுங்கினா மூச்சு முட்டும். கைக்குழந்தைக்கு கெட்டியான சமமான படுக்கைதான், தலையணையும் வேணாம்.

கே: அம்மா படுத்த படுக்கை, முதுகுல புண்ணு வருது. மெமரி ஃபோம் போட்டா சரியாகுமா?

ப: மெத்தைய நம்பி விட்டுராதீங்கம்மா. புண்ண நாளைக்கே டாக்டர்ட்ட காட்டுங்க, காத்து மாறி மாறி ஏறுற ஏர் பெட் வேணுமான்னு கேளுங்க, வாடகைக்கே கிடைக்கும். அது வர்ற வரைக்கும் ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் அம்மாவ திருப்பிப் படுக்க வைங்க, ராத்திரிலயும்.