கொழுந்துத் தோட்டத்தை அடகு வைக்கும் முன்

கோத்தகிரிக்கு அருகிலுள்ள சிற்றூர் ஒன்றிலிருந்து சென்ற வாரம் மேற்படிப்பு ஆலோசனைக்காக என்னைப் பார்க்க வந்த பெற்றோர், பிளஸ் டூ முடித்த தங்கள் மகளின் மீது மூன்று குற்றங்களைச் சுமத்தினார்கள். எந்நேரமும் கையில் கைபேசி. விடுமுறை வந்தால் தோழிகளைக் கூட்டிக்கொண்டு கோடநாடு வரை நடை. வீடு திரும்பியதும் செய்தித்தாள், அதிலும் மழை, வெள்ளம், மண்சரிவு பற்றிய செய்திகள்தாம். "இவள் எதில்தான் நிலைத்து நிற்பாள்?" என்று தாய் கேட்டார். பெங்களூரில் இருக்கும் தாய்மாமன் இதற்கு ஒரு முடிவும் சொல்லிவிட்டாராம்: கோயம்புத்தூர்த் தனியார் கல்லூரி ஒன்றில் நிர்வாக ஒதுக்கீட்டில் கணினி அறிவியல், வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம், மீதிக்குத் தேயிலைத் தோட்டத்தின் மீது கடன். நான் சொன்னதை மைத்துனருக்கும் காட்ட வேண்டும், எழுதித் தாருங்கள் என்று தந்தை கேட்டதால் இதை எழுதுகிறேன்.

ஐயா, பணத்திலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் மகள் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவள். பொறியியல் கலந்தாய்வில் அப்படிப் படித்தவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உண்டு. அதன் வழியே இடம் பெறுவோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. கலந்தாய்வுக்கு முன்பே நிர்வாக ஒதுக்கீட்டில் முன்பணம் கட்டுவது, அவளுக்கு உரியதைப் பணம் கொடுத்துத் தொலைப்பதாகும். பச்சைத் தேயிலை விலை எந்த மாதம் எங்கே நிற்கும் என்று உங்களாலேயே சொல்ல முடியாதபோது, அந்த வருமானத்தை நம்பி நான்கு ஆண்டுப் படிப்புக்குத் தோட்டத்தை அடகு வைக்கக் கூடாது. இதில் உங்கள் மைத்துனருக்காக நான் தளர்ந்து பேச மாட்டேன்.

கணினி அறிவியலின் பெருமைகளை அவர் ஏற்கெனவே சொல்லியிருப்பார். நான் திரும்பச் சொல்லத் தேவையில்லை. ஆனால் அந்தப் பெண்ணிடம் நிரல் எழுதப் பிடிக்குமா என்று நான் கேட்டபோது, "எதற்காக எழுதுகிறோம் என்று தெரிந்தால் பிடிக்கும்" என்றாள். பிறகு பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். பாட்டிலை வெட்டிச் செய்த மழைமானியில் காலைதோறும் அளந்த மழை, அதன் பக்கத்தில் செய்தித்தாள் சொன்ன கோத்தகிரி மழை, இரண்டுக்கும் உள்ள வேறுபாடு என்று இரண்டு பருவமழைகளின் கணக்கு அதில் இருந்தது. கைபேசியில், தான் நடந்த பாதைகளைச் செயற்கைக்கோள் வழிகாட்டியால் (ஜி.பி.எஸ்.) பதிவு செய்து, சாலையோரம் மண் சரிந்த இடங்களையெல்லாம் குறித்து வைத்திருந்தாள். 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் புதைந்த செய்தியைப் படித்த நாளிலிருந்து அவளுக்கு ஒரே கேள்வி: அந்தச் சரிவு ஏன் நகர்ந்தது, எங்கள் சரிவு ஏன் நிற்கிறது?

நீங்கள் மூன்று குற்றங்களாகச் சொன்னவை மூன்றும் சேர்ந்து ஒரே தொழில், ஐயா. அதற்குப் புவித்தகவலியல் என்று பெயர். சென்னை கிண்டிப் பொறியியல் கல்லூரியில் அது பி.இ. படிப்பாகவே இருக்கிறது. கேள்விப்படாத படிப்பு என்று உங்கள் மைத்துனர் சொல்வாரானால், அந்தக் கல்லூரியே 1794இல் நில அளவைப் பள்ளியாகத்தான் தொடங்கியது என்பதை அவருக்குச் சொல்லுங்கள்; கணினி அங்கே வெகுகாலம் கழித்து வந்த விருந்தாளி.

செயற்கைக்கோள் படம், ட்ரோன் படம், நில அளவை ஆகியவற்றிலிருந்து வரைபடத்தை உருவாக்கி, அந்த வரைபடத்திடம் கணினி வழியே கேள்வி கேட்பது இத்துறையின் வேலை. ஒரு மலைச்சரிவின் சாய்வு, மண்ணின் ஆழம், நீரோடும் வழி, சாலைக்காக வெட்டப்பட்ட இடம், முந்தைய நாட்களில் பெய்த மழை ஆகியவற்றைத் தனித்தனி அடுக்குகளாக வைத்து, ஒன்றன்மேல் ஒன்றைப் பொருத்திப் பார்த்தால், எந்த வீடுகளுக்கு மேலே ஆபத்து இருக்கிறது என்பது தெரியத் தொடங்கும். மேகம் மூடிய மழைக்காலத்தில் சாதாரணப் படத்தால் பயனில்லை. ரேடார் அலைகள் மேகத்தை ஊடுருவும். ஒரே இடத்தை வெவ்வேறு நாட்களில் எடுத்த இரண்டு ரேடார் பதிவுகளை ஒப்பிட்டால், கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத் தரை நகர்ந்திருப்பதைக்கூடக் கணக்கிடலாம். இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து உருவாக்கிய நிசார் செயற்கைக்கோள் இதற்கும் பயன்படும். 12 நாட்களுக்கு ஒருமுறை அதே இடத்தைத் திரும்பப் பார்க்கும். வயநாட்டுத் துயரம் நடந்து சரியாக ஓராண்டு கழித்து, 2025 ஜூலை 30 அன்று அது ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. அந்தத் தேதிப் பொருத்தத்தை எனக்கு எடுத்துச் சொன்னதும் உங்கள் மகள்தான்.

இதற்கு நம் மலையில் தேவை இல்லையா? 2009 நவம்பரில் நீலகிரியில் மண்சரிவுகளால் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது அவள் உங்கள் தோளில் இருந்த குழந்தை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறை மண்சரிவு முன்னறிவிப்பைச் சோதனை முறையில் 2020இல் தொடங்கியபோது தேர்ந்தெடுத்த மிகச் சில மாவட்டங்களில் நீலகிரியும் ஒன்று.

குறைகளையும் மறைக்கக் கூடாது. கிண்டியில் இடங்கள் குறைவு; கிடைக்காமலும் போகலாம். தொடக்கச் சம்பளம் பெங்களூர் மென்பொருள் நிறுவனத்துக்கு ஈடாக இருக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். வேலையின் பெரும்பகுதி திரைக்கு முன்னால்தான், காட்டில் அன்று. இதை அவளிடமும் சொல்லிவிட்டேன், முகம் சற்று வாடியது. இடம் கிடைக்காவிட்டால் அரசுக் கல்லூரியில் நிலவியல் பட்டம் படிக்கட்டும். நிலவியலில் முதுநிலை முடித்தால் மத்திய தேர்வாணையத்தின் புவி அறிவியலாளர் தேர்வெழுதி நிலவியல் ஆய்வுத் துறைக்கே போகலாம். பி.இ. கிடைத்தால், முதுநிலைப் பொறியியலுக்கான கேட் நுழைவுத் தேர்வில் 2022 முதல் இத்துறையைச் சேர்ந்த புவி அளவைப் பொறியியலுக்கென்றே தனித் தாள் இருக்கிறது.

பெண் பிள்ளை மலையெல்லாம் அலைவதா என்று உறவினர்கள் கேட்பதாகச் சொன்னீர்கள். கொழுந்து பறிக்கும் பெண்கள் நாள் முழுவதும் சரிவில்தான் நிற்கிறார்கள். அப்போது கேட்காத கேள்வியை இப்போது கேட்பவருக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. காட்டுப் பாதைக்கு வனத்துறை அனுமதியும், உடன் வரும் வழிகாட்டியும் வேண்டும் என்று அவளைக் கண்டியுங்கள், அது நியாயம்.

கலந்தாய்வுக்கு முன் இருக்கும் வாரங்களில் அவள் கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளைக் கணினியில் நிறுவி, தன் மழைக் கணக்கையும் நடந்த பாதைகளையும் ஒரே வரைபடத்தில் ஏற்றிப் பார்க்கட்டும். டேராடூனிலுள்ள இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் கட்டணமின்றி இணையவழிப் பயிற்சிகளை நடத்துகிறது; அதிலும் ஒன்றில் சேரட்டும். ஒரு மாதம் உட்கார்ந்த பிறகும் அவளுக்குச் சலிக்கவில்லையா என்று நீங்களே அருகிலிருந்து பாருங்கள். சலித்தால் என்னிடம் வாருங்கள், வேறு பேசலாம்.

வெள்ளிக்கிழமை முன்பணம் கட்ட வேண்டாம். அடுத்த சனிக்கிழமை வரும்போது மதிப்பெண் பட்டியலோடு, அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றும் அவளுடைய மழை நோட்டும் உங்கள் கையில் இருக்கட்டும். மைத்துனர் வர விரும்பினால் அவரையும் அழைத்து வாருங்கள்.