சர்க்கரை நோயும் வைட்டமின் டியும்: மருத்துவரின் பதில்கள்

கேள்வி: எனக்கு 52 வயது. ஆறு ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். இரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி 14 என்று வந்திருக்கிறது. இதைச் சரிசெய்துவிட்டால் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிடலாமா, டாக்டர்?

பதில்: நிறுத்த வேண்டாம். ஒரு மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே போனால் குறைபாடு என்று பொதுவாகக் கொள்கிறோம். ஆகவே 14 என்பது சரிசெய்ய வேண்டிய அளவுதான். ஆனால் அதை முதலில் உங்கள் எலும்புக்காகவும் தசைக்காகவும் சரிசெய்கிறோம். ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு வைட்டமின் டி கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில், இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி சிலவற்றில் சற்றே குறைந்தது, வேறு சிலவற்றில் அசையவே இல்லை. சர்க்கரை மாத்திரை செய்யும் வேலையை அது செய்யாது.

கேள்வி: அப்படியானால் இரண்டுக்கும் தொடர்பு இருப்பதாக ஏன் சொல்கிறார்கள்?

பதில்: இன்சுலினைச் சுரக்கும் கணையத்தின் பீட்டா செல்களில் வைட்டமின் டியை ஏற்கும் ஏற்பிகள் இருக்கின்றன; இன்சுலின் வெளியேறக் கால்சியம் தேவை, கால்சியத்தின் ஒழுங்கில் வைட்டமின் டிக்குப் பங்கு உண்டு. இருந்தாலும் ஓர் எச்சரிக்கை. உடல் பருமன் உள்ளவர்களின் இரத்தத்தில் இந்த வைட்டமின் குறைவாகவே காணப்படும். வெளியே நடமாடாதவர்களுக்கும் அப்படியே. இவர்களுக்குத்தான் சர்க்கரை நோயும் அதிகம் வருகிறது என்பதால், அந்தக் குறைவை நோய்க்குக் காரணம் என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிட முடியாது.

கேள்வி: எனக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது. வைட்டமின் டி சாப்பிட்டால் நோய் வராமல் தடுக்க முடியுமா?

பதில்: அமெரிக்காவில் உங்களைப் போன்ற 2,423 பேரைக் கொண்டு நடந்த ஆய்வு 2019-இல் வெளியானது. தினமும் 4,000 யூனிட் எடுத்துக்கொண்டவர்களில் 293 பேருக்கும், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 323 பேருக்கும் இரண்டரை ஆண்டு அளவில் சர்க்கரை நோய் வந்தது. இந்த வித்தியாசம் தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம் என்பதால் பயன் உறுதிப்படவில்லை. பிறகு 2023-இல் மூன்று ஆய்வுகளின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, ஆபத்து 15 சதவீதம் குறைவதாகத் தெரிந்தது. அதாவது முப்பது பேர் மூன்று ஆண்டுகள் விடாமல் சாப்பிட்டால் ஒருவருக்கு நோய் தவிர்க்கப்படும். இதன் பக்கத்தில், டாக்டர் ராமச்சந்திரன் குழுவினர் 2006-இல் வெளியிட்ட இந்திய ஆய்வை வைத்துப் பாருங்கள்: உணவு மாற்றமும் நடைப்பயிற்சியும் மட்டுமே ஆபத்தை ஏறத்தாழ 28 சதவீதம் குறைத்தன. மருத்துவர் பரிந்துரைத்தால் வைட்டமின் டி எடுங்கள். ஆனால் அதை நம்பி நடையை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: என் அம்மாவுக்கு 60,000 யூனிட் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு மாதமாகத் தினமும் ஒன்று சாப்பிடுகிறார். இப்போது வாந்தி, தாகம், அடிக்கடி சிறுநீர். சர்க்கரை ஏறிவிட்டதா?

பதில்: மாத்திரையை இன்றே நிறுத்திவிட்டு, தாமதிக்காமல் அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அந்த அளவு பொதுவாக வாரத்துக்கு ஒன்று, எட்டு வாரங்கள் என்றுதான் தரப்படும். தினமும் எடுத்தால் இரத்தத்தில் கால்சியம் ஆபத்தான அளவுக்கு ஏறக்கூடும். கால்சியம் ஏறினாலும் சர்க்கரை ஏறினாலும் தாகமும் சிறுநீரும் ஒன்றுபோல்தான் இருக்கும் என்பதால், வீட்டில் சர்க்கரையை மட்டும் பார்த்துவிட்டு அமைதியாகிவிடக் கூடாது. சர்க்கரையுடன் கால்சியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். மருந்துச் சீட்டில் 'வாரம் ஒன்று' என்று இருப்பதை, மற்ற மாத்திரைகளோடு சேர்த்துத் தினசரி டப்பாவில் போட்டுவிடுவது பல வீடுகளில் நடக்கிறது. காலண்டரில் ஞாயிற்றுக்கிழமைகளை வட்டமிட்டு வைத்தால் இந்தத் தவறு நேராது.

கேள்வி: மாத்திரை வேண்டாம், மொட்டை மாடி வெயிலே போதும் என்கிறார் என் கணவர். சரியா?

பதில்: வெயில் நல்லதுதான், கைகால்களில் நேரடியாகப் பட வேண்டும், கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் வெயில் பயன்படாது. ஆனால் 14, 15 என்று குறைந்துவிட்டவர்களுக்கு வெயில் மட்டும் பெரும்பாலும் போதாது. அவருக்குச் சர்க்கரை நோயால் காலில் மரத்துப்போன உணர்வு இருந்தால், வெறுங்காலோடு மாடிக்குப் போகவே கூடாது. நண்பகல் தளத்தின் சூடு அவருக்குத் தெரியாது. கீழே இறங்கி வந்து பார்த்தால் பாதத்தில் கொப்புளம் இருக்கும், அது புண்ணாகி ஆறப் பல மாதங்கள் ஆகலாம். செருப்போடு போகச் சொல்லுங்கள்.

கேள்வி: கிரியாட்டினின் கூடியிருக்கிறது. நானே வாங்கிச் சாப்பிடலாமா?

பதில்: வேண்டாம், ஐயா. வைட்டமின் டியை உடல் பயன்படுத்தும் வடிவத்துக்கு மாற்றுவதில் சிறுநீரகத்துக்கே பெரும்பங்கு. அது பழுதடைந்திருந்தால் எந்த வடிவம், எவ்வளவு என்பதை, கால்சியமும் பாஸ்பரஸும் பார்த்து உங்கள் சிறுநீரக மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.