பள்ளியை இணைத்தால் அக்காவின் வேலை என்னாகும்?

கேள்வி: மும்பையில் அரசு உதவிபெறும் தமிழ்வழிப் பள்ளி ஒன்றில் என் அக்கா நிரந்தர ஆசிரியை. இந்த வருஷம் பிள்ளைகள் குறைந்துவிட்டதால் பக்கத்துப் பள்ளியோடு சேர்க்கப் போகிறார்களாம், வேலை போய்விடுமா?
- வாசகி, தாராவி

பதில்: முதலில் பதறாதீர்கள். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி ஒன்று முதல் ஐந்து வகுப்பு வரை 60 பிள்ளைகள் வரைக்கும் 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3 பேர், 120 வரை 4 பேர். ஆக, 91 பிள்ளைகள் இருந்த இடத்தில் ஒரே ஒரு குழந்தை டிசி வாங்கிப் போனாலும் ஒரு பணியிடம் ஆட்டம் காணும். மகாராஷ்டிரத்தில் இந்தக் கணக்குக்கு ‘சஞ்ச் மான்யதா’ என்று பெயர், ஸ்டாஃப் ரூமில் அக்கா தினமும் கேட்டுக்கொண்டிருப்பார்.

கணக்கில் மிஞ்சுகிறவரை உடனே வீட்டுக்கு அனுப்பிவிட முடியாது. தனியார் பள்ளி ஊழியர்களுக்கான 1981 விதிகள் அவருக்குத் துணை. பொதுவாகப் பணிமூப்பில் கடைசியில் இருப்பவர்தான் ‘உபரி’ ஆவார், நிரந்தரப் பணி என்றால் வேறு பள்ளியில் சேர்த்துக்கொள்ள வழி உண்டு. ஆனால் இங்கேதான் சிக்கல், மும்பையில் தமிழ்வழிப் பள்ளியே கொஞ்சம், காலியிடம் எங்கே தேடுவது? அதனால் பணிமூப்புப் பட்டியலில் அக்காவின் இடம், நியமன ஒப்புதல் கடிதம், சர்வீஸ் புக், மூன்றையும் இந்த வாரமே சரிபார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் யார் எது சொன்னாலும் எழுத்தில் கேட்கட்டும்.