கனடாவில் கருக்கலைப்பு எல்லா மாகாணங்களிலும் ஒன்றுபோல இலவசமாகக் கிடைக்கிறதா?

கனடாவில் கருக்கலைப்பைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை, செலவையும் அரசே ஏற்கிறது, அப்படியானால் எந்த மாகாணத்தில் இருந்தாலும் ஒன்றுபோலத்தானே கிடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். சட்டத்தைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டது சரிதான். ஆனால், இந்த விஷயத்தில் அரசு என்பது ஒட்டாவாவில் உள்ள மத்திய அரசு அன்று. பத்து மாகாணங்களும் மூன்று ஆட்சிப்பகுதிகளும் தனித்தனியே நடத்தும் மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்கள்தாம். எந்த இடத்தில், யார் செய்தால் பணம் கொடுக்கப்படும் என்று அவை வகுத்துக்கொண்ட விதிகளில்தான் வேறுபாடு பெரும்பாலும் ஒளிந்திருக்கிறது.

1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மருத்துவமனையில் குறைந்தது மூன்று மருத்துவர்கள் கொண்ட குழு, கர்ப்பம் நீடித்தால் பெண்ணின் உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஆபத்து நேரக்கூடும் என்று சான்றளித்தால் மட்டுமே கருக்கலைப்பு செய்ய முடியும். அப்படி ஒரு குழுவை அமைத்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் எந்த மருத்துவமனைக்கும் இல்லாததால், அப்போதே ஊருக்கு ஊர் நிலைமை மாறியது. மருத்துவர் ஹென்றி மார்கென்டேலரின் வழக்கில் 1988 ஜனவரி 28 அன்று உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டப்பிரிவு செல்லாது என்று தீர்ப்பளித்தது. அதற்கு மாற்றாகக் கொண்டுவரப்பட்ட மசோதா, 1991-இல் செனட்டில் 43-க்கு 43 என வாக்குகள் சமமாகப் பிரிந்ததால் தோற்றது. அதன் பிறகு எந்த அரசும் புதிய சட்டம் இயற்றவில்லை. குற்றவியல் சட்டம் எழுந்து போன இடத்தில் கட்டண விதி வந்து உட்கார்ந்துகொண்டது என்றுதான் நான் சொல்வேன்.

இதற்கு நியூ பிரன்ஸ்விக்கை விடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடையாது. அந்த மாகாணத்தின் 84-20 என்ற ஒழுங்குவிதி, காப்பீடு பணம் தராத சேவைகளின் பட்டியலில் கருக்கலைப்பைச் சேர்த்து, மூன்று நிபந்தனைகள் நிறைவேறினால் மட்டும் விலக்கு அளித்தது. மருத்துவ ரீதியில் அவசியம் என்று இரண்டு மருத்துவர்கள் எழுதித் தர வேண்டும். மகப்பேறு சிறப்பு மருத்துவரே செய்ய வேண்டும். அதுவும் மருத்துவமனையில்தான் செய்ய வேண்டும். தலைநகரான ஃபிரெடரிக்டனில் மார்கென்டேலர் 1994-இல் தொடங்கிய கிளினிக்குக்கு மாகாணம் ஒரு டாலர்கூடத் தராமலே இருந்தது, கடைசியில் 2014 ஜூலையில் அது மூடப்பட்டது. 2015-இன் தொடக்கத்தில் முதல்வர் பிரையன் கேலன்ட்டின் அரசு முதல் இரண்டு நிபந்தனைகளை நீக்கியது, மூன்றாவதை மட்டும் தொடவில்லை. ஆகவே, அதே கட்டடத்தில் கிளினிக் 554 என்ற பெயரில் தொடங்கப்பட்ட குடும்ப மருத்துவக் கிளினிக்கில், காய்ச்சலுக்கு வந்தவர் காப்பீட்டு அட்டையை நீட்டினால் போதுமாக இருந்தது. கருக்கலைப்புக்கு வந்தவரோ 700 முதல் 850 டாலர் வரை கையிலிருந்து கொடுக்க வேண்டியிருந்தது. அப்போது இலவசமாகச் செய்த மருத்துவமனைகள் மாகாணம் முழுவதற்கும் மூன்றே மூன்று: மாங்டனில் இரண்டு, பாத்தர்ஸ்டில் ஒன்று.

நான் ஃபிரெடரிக்டனில் படித்த காலத்தில், எங்களோடு ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்த உள்ளூர்ப் பெண் ஒருத்திக்கு இந்த நிலை வந்தது. கிளினிக் நடந்து போகும் தூரம்தான், ஆனால் கட்டணமோ அவளுடைய ஒரு மாத அறை வாடகையை விட அதிகம். மாங்டனோ ஏறத்தாழ 180 கிலோமீட்டர் தள்ளி இருந்தது. அவளிடம் கார் இல்லை. மயக்க மருந்து கொடுப்பதால் திரும்பும்போது துணைக்கு ஆள் வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். கடையில் மணிக்கணக்குச் சம்பளத்துக்கு வேலை செய்தவள் என்பதால், விடுப்புக்கு மேலாளரிடம் ஏதாவது ஒரு காரணத்தைச் சொல்லியாக வேண்டியிருந்தது. என் வகுப்புத் தோழி ஒருத்தி காரை ஓட்ட, மூவரும் போய் வந்தோம். செலவை விட, தன் விஷயம் இத்தனை பேருக்குத் தெரிய நேர்ந்ததுதான் அவளுக்குப் பெரிய வருத்தமாக இருந்தது.

இதை மத்திய அரசு தட்டிக் கேட்கவில்லையா என்றால், கேட்டது. 1984-ஆம் ஆண்டின் கனடா சுகாதாரச் சட்டப்படி, காப்பீட்டுக்கு உட்பட்ட சேவைக்கு நோயாளியிடம் பணம் வாங்க அனுமதிக்கும் மாகாணத்துக்கு வரும் நிதியில் அந்தத் தொகையைக் கழித்துக்கொள்ள வேண்டும். 2020-இல் நியூ பிரன்ஸ்விக்குக்கு 1,40,216 டாலர் கழிக்கப்பட்டது; கோவிட் பரவியதும் அந்தத் தொகையும் திருப்பித் தரப்பட்டது. பல நூறு கோடி டாலர் சுகாதாரச் செலவு செய்யும் மாகாணத்துக்கு இந்தத் தொகை கொசுக்கடிகூட ஆகாது.

பிரின்ஸ் எட்வர்ட் தீவின் கதை இன்னும் மோசம். 1982-க்குப் பிறகு 2017 வரை அத்தீவின் எந்த மருத்துவமனையிலும் கருக்கலைப்பு செய்யப்படவில்லை. மருத்துவரின் பரிந்துரைக் கடிதத்தோடு பக்கத்து மாகாணமான நோவா ஸ்கோஷியாவின் ஹாலிஃபாக்ஸ் மருத்துவமனைக்குப் போனால் சிகிச்சைச் செலவை மாகாணம் ஏற்றது, பயணச் செலவு அவரவர் பாடு. தீவை இணைக்கும் கான்ஃபெடரேஷன் பாலத்தில் உள்ளே வரும்போது சுங்கம் கிடையாது, வெளியேறும்போதுதான் வசூலிப்பார்கள் என்பதையும் இங்கே நினைத்துப் பாருங்கள். கனடா அரசியலமைப்பின் உரிமைச் சாசனத்தின் கீழ் வழக்குத் தொடரப்போவதாகப் பெண்கள் அமைப்பு ஒன்று 2016 ஜனவரியில் அறிவித்த பிறகே, அதே ஆண்டு மார்ச்சில் முதல்வர் வேட் மெக்லாக்லன் பணிந்தார். 2017 ஜனவரியில் சம்மர்சைடு மருத்துவமனையில் சேவை தொடங்கியது.

கியூபெக்கில் நிலைமை பொதுவாக மேல். சேவை தரும் இடங்கள் அங்குதான் அதிகம். அங்கும் தனியார் கிளினிக்குகள் கூடுதல் கட்டணம் வாங்கிவந்தன. சுமார் 45,000 பெண்களுக்கு ஏறத்தாழ 1.3 கோடி டாலரைத் திருப்பித் தருமாறு 2006-இல் நீதிமன்றம் மாகாண அரசுக்கு உத்தரவிட்டது. ஒன்டாரியோவில் டொராண்டோ போன்ற தெற்கு நகரங்களில் சிக்கல் குறைவு, வடக்கே போகப் போகத் தூரமே தடையாகிவிடும். ஊர்களுக்கிடையே சாலையே இல்லாத வடகோடி ஆட்சிப்பகுதியான நூனவுட்டில் விமானத்தை விட்டால் வேறு வழியில்லை.

கருக்கலைப்பு மாத்திரை கனடாவில் 2015-இல் அனுமதி பெற்று 2017 ஜனவரியில் விற்பனைக்கு வந்த பிறகு, ஒன்பது வாரத்துக்கு உட்பட்ட கர்ப்பங்களுக்கு இந்தத் தூரம் ஓரளவு சுருங்கியது. சுமார் 300 டாலர் விலையுள்ள அதை எல்லாருக்கும் இலவசமாகத் தருவோம் என்று முதலில் அறிவித்த மாகாணம், வேடிக்கையாக, நியூ பிரன்ஸ்விக்தான். கிளினிக்குக்குப் பணம் தர மறுத்த 84-20-இன் கடைசி நிபந்தனையோ, அங்கே முதல்வர் சூசன் ஹோல்ட்டின் அரசு வந்த பிறகு, 2024 நவம்பரில்தான் நீங்கியது. அதற்குள் கிளினிக் 554 மூடப்பட்டுவிட்டது. பணம் தருவதற்கு விதி தயார், வாங்கிக்கொள்ள அந்தக் கிளினிக் இல்லை.

நீங்கள் புதிதாகக் குடியேறுபவர் என்றால், ஒன்டாரியோவில் காப்பீட்டுக்கான மூன்று மாதக் காத்திருப்பு 2020 மார்ச்சில் நீக்கப்பட்டதைத் தெரிந்துகொள்ளுங்கள். பன்னாட்டு மாணவர்களுக்குப் பொதுவாக அந்த மாகாண அட்டை கிடைக்காது. பல்கலைக்கழகம் எடுத்துத் தரும் காப்பீட்டின் கையேட்டில் இதற்கு இடமிருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது.