கேளுங்கள்: இன்வெஸ்ட்மென்ட் பேங்கர் ஆக எந்தக் கல்லூரி?

அட்மிஷன் சீசன் என்பதால் கல்லூரிக் கேள்விகளே குவிந்திருக்கின்றன. அதில் இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங் பற்றி வந்தவற்றுக்கு மட்டும் இந்த முறை பதில்.

கே: என் மகள் பிளஸ் டூ காமர்ஸ் குரூப், வணிகக் கணிதத்தோடு படிக்கிறாள். பத்தாம் வகுப்பில் 500க்கு 482. இன்வெஸ்ட்மென்ட் பேங்கர்தான் ஆவேன் என்று ஒரே பிடிவாதம். நான் பொதுத்துறை வங்கியில் வேலை பார்க்கிறவன், எனக்கே அது என்ன வேலை என்று பிடிபடவில்லை. சென்னையில் ஒரு தனியார் கல்லூரியில் 'பி.காம் இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங்' என்றே ஒரு படிப்பு இருக்கிறதாம், வேலை நிச்சயம் என்கிறார்கள். அதில் சேர்க்கட்டுமா, டெல்லிக்கு அனுப்பட்டுமா? (வாசகர், காரைக்குடி)

ப: உங்களுக்குப் பிடிபடாததில் ஆச்சரியமே இல்லை சார், பேரில் பேங்க் இருந்தாலும் அது உங்கள் பேங்க் இல்லை. அங்கே பாஸ்புக் கிடையாது, டெபாசிட் கிடையாது. ஒரு கம்பெனி பங்கு வெளியிட்டுப் பணம் திரட்ட வேண்டும், அல்லது இன்னொரு கம்பெனியை வாங்க வேண்டும் என்றால், அதற்கு என்ன விலை என்று கணக்குப் போட்டு, ஆவணங்களைத் தயார் செய்து, பணம் போடுகிறவர்களைத் தேடிப்பிடித்து முடித்துக்கொடுப்பதுதான் வேலை. பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் விதிகளில் இவர்களுக்குப் பேர் மெர்ச்சன்ட் பேங்கர்.

கல்லூரியை அப்புறம் பார்ப்போம். முதலில் மகளிடம், ஹூண்டாய் மோட்டார் இந்தியா 2024 அக்டோபரில் பங்கு வெளியிட்டபோது தாக்கல் செய்த ஆவணத்தை செபி இணையதளத்திலிருந்து இறக்கச் சொல்லுங்கள், காசு கிடையாது. நம் ஸ்ரீபெரும்புதூர் ஃபேக்டரி கம்பெனிதான். 27,870 கோடி ரூபாய் வெளியீடு. அட்டையிலேயே கோட்டக் மஹிந்திரா கேபிடல், சிட்டி குரூப், எச்எஸ்பிசி, ஜேபி மார்கன், மார்கன் ஸ்டான்லி என்று ஐந்து பேர் இருக்கும், அவர்கள்தான் இந்த வேலையைச் செய்தவர்கள். அத்தனை கோடியில் ஒரு ரூபாய்கூட இந்தியக் கம்பெனிக்குப் போகவில்லை, கொரியத் தாய் நிறுவனம் தன் கைவசம் இருந்த பங்கில் 17.5 சதவீதத்தை விற்றது, பணம் முழுக்க அங்கே போனது. ஒரு பங்குக்கு 1,865 முதல் 1,960 ரூபாய் என்று எப்படி வந்தார்கள், எந்தெந்த ஆபத்துகளை முன்னாடியே சொல்லி வைத்திருக்கிறார்கள் என்று அதில் தோண்டத் தோண்ட வரும். நூற்றுக்கணக்கான பக்கம். அலுப்புத் தட்டாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதோடு உட்கார முடிந்தால் பிடிவாதத்தில் நியாயம் இருக்கிறது. சம்பளத்தைப் பற்றி யாரோ சொன்னதுதான் ஈர்ப்பு என்றால் இரண்டு பக்கத்தில் தெரிந்துவிடும்.

சரி, கல்லூரி. இங்கேதான் நிறையப் பெற்றோர் ஏமாறுகிறார்கள். ஒரே பன்னாட்டு வங்கிக்குள்ளேயே இரண்டு உலகம் இருக்கிறது. டீல் போடும் குழு பெரும்பாலும் மும்பையில் உட்கார்ந்திருக்கும், ஆட்கள் குறைவு, எடுப்பதும் குறைவு. அதே வங்கிகளின் பெரிய பெரிய ஆபீஸ்கள் சென்னை, பெங்களூரு, ஹைதராபாத்தில் இருக்கின்றன; சென்னையிலேயே பார்க்ளேஸ், பிஎன்பி பாரிபா, சிட்டி, ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் எல்லாம் உண்டு. அங்கே டெக்னாலஜி, ரிஸ்க் என்று பல வேலைகள் நடந்தாலும், பி.காம் முடித்தவர்களைக் கூட்டமாக எடுப்பது வேறு வகை வேலைகளுக்கு. எங்கோ நடந்த வர்த்தகத்துக்குப் பணமும் பங்கும் கைமாறியதா என்று சரிபார்ப்பது, இரண்டு கணக்குகள் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது, வாடிக்கையாளரின் கேஒய்சி ஆவணங்களைச் சோதிப்பது. கௌரவமான வேலைதான், மாதாமாதம் சம்பளம் வரும், பி.எஃப் உண்டு, நம் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் அதில் நன்றாக இருக்கிறார்கள். ஆனால் உங்கள் மகள் கனவு காண்பது அது இல்லை. அங்கிருந்து டீல் குழுவுக்குத் தாவுகிறவர்கள் அபூர்வம்.

படிப்பின் பேரிலேயே இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங் என்று வைத்து, வேலை நிச்சயம் என்று சொன்னால், அது பெரும்பாலும் இந்த இரண்டாவது உலகத்துக்கான வாசல். சோதிக்க வழி சுலபம். கடைசி மூன்று வருட பிளேஸ்மென்ட் பட்டியலைக் கேளுங்கள், கம்பெனி பேர் மட்டும் போதாது, பதவியின் பேர், ஊர், சம்பளம் மூன்றும் வேண்டும். அதிகபட்ச சம்பளத்தை ஃப்ளெக்ஸில் போடுவார்கள், நீங்கள் கேட்க வேண்டியது நடுவில் நிற்கிற மாணவனுக்கு எவ்வளவு என்று. பட்டியலைத் தர மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

டீல் குழுக்களுக்கு ஆள் எடுப்பது முக்கியமாக இரண்டு இடத்திலிருந்து. ஒன்று அகமதாபாத், பெங்களூரு, கொல்கத்தா ஐஐஎம்களும் அவற்றுக்கு அடுத்த சில எம்பிஏ கல்லூரிகளும். இன்னொன்று நல்ல ரேங்க்கோடு வரும் சி.ஏ.க்கள். பட்டப்படிப்பு முடித்த கையோடு நேராக உள்ளே போகிறவர்களும் உண்டு, ஆனால் அவர்கள் விரல்விட்டு எண்ணும் சில கல்லூரிகளிலிருந்து வருகிறவர்கள். அதனால் உங்கள் மகளுக்கு இப்போது சேரப்போகும் கல்லூரி முதல் படிதான்.

டெல்லி என்றால் எஸ்ஆர்சிசி என்கிற ஸ்ரீராம் காமர்ஸ் கல்லூரி, செயின்ட் ஸ்டீபன்ஸ், லேடி ஸ்ரீராம், அப்புறம் ஷஹீத் சுக்தேவ் பிசினஸ் ஸ்டடீஸ் கல்லூரி. கடைசியாகச் சொன்னதில் நிதி முதலீட்டுப் பகுப்பாய்வுக்கென்றே ஒரு பிபிஏ இருக்கிறது, நம் ஊரில் பலருக்குத் தெரியாது. 2021இல் எஸ்ஆர்சிசி 100 சதவீதம் கட்-ஆஃப் வைத்து நாடே சிரித்தது நினைவிருக்கும். 2022 முதல் அந்தக் கதை இல்லை, கியூட் நுழைவுத் தேர்வுதான், பிளஸ் டூ மார்க் அடிப்படைத் தகுதிக்கு மட்டும். ஆகவே பப்ளிக் எக்ஸாமுக்கு மட்டும் படித்துவிட்டு விண்ணப்பித்தால் நடக்காது. பொருளாதாரம் ஆனர்ஸுக்கும் அந்த பிபிஏவுக்கும் கணிதம் வேண்டும். நம் மாநில வணிகக் கணிதத்தை ஏற்கிறார்களா என்று அந்த ஆண்டின் தகவல் குறிப்பேட்டைப் படித்துவிட்டே பாடங்களைத் தேர்வு செய்யச் சொல்லுங்கள்.

இன்னொரு வழி, இந்தூர் ஐஐஎம் 2011இல் ஆரம்பித்த ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பு. பிளஸ் டூ முடித்ததும் நேரே ஐஐஎம். நுழைவுத் தேர்வில் கணக்குதான் ராஜா, கட்டணமும் லட்சங்களில்.

என் அபிப்பிராயம் இது. டெல்லியில் மேலே சொன்ன நாலில் ஒன்று கிடைத்தால் யோசிக்காமல் அனுப்புங்கள். வகுப்பறைக்காக மட்டும் சொல்லவில்லை. அங்கே மூன்றாம் ஆண்டு அக்கா எந்த கம்பெனியில் இன்டர்ன்ஷிப் போனாள், இன்டர்வியூவில் என்ன கேட்டார்கள் என்பது மெஸ்ஸில் சாப்பிடும்போதே காதில் விழும், அதுதான் பெரிய பாடம். கிடைக்காவிட்டால், டெல்லி என்பதற்காக அங்கே சுற்றிலும் இருக்கிற ஏதோ ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் லட்சக்கணக்கில் கொட்டாதீர்கள். ஸ்டெல்லா மாரிஸ், எம்.ஓ.பி. வைஷ்ணவா, எத்திராஜ் ஏதாவது ஒன்றில் சேர்த்து, பணத்தை எம்பிஏவுக்கு வைத்திருங்கள், அகமதாபாத் ஐஐஎம்மில் இரண்டு வருடக் கட்டணமே 25 லட்சத்தைத் தாண்டும். உயர்தரக் கல்வி நிறுவனங்களில் சேர்கிறவர்களுக்கு அடமானம் இல்லாமல் கடன் கொடுக்க 2024இல் வந்த பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எந்தக் கல்லூரியானாலும் மார்க்கை விடக்கூடாது. ஐஐஎம்மில் சேர்ந்த சில மாதங்களிலேயே கோடை இன்டர்ன்ஷிப்புக்கு ஆள் எடுக்க வந்துவிடுவார்கள், அப்போது ஜாதகம் பார்ப்பதுபோல் பத்தாம் வகுப்பிலிருந்து எல்லா மார்க்கையும் வரிசையாகப் பார்ப்பார்கள். 482 என்பது நல்ல ஆரம்பம்.

இன்னொன்றும் சொல்லிவிடுங்கள். 2024இல் ஜேபி மார்கன் தன் இளநிலை பேங்கர்களுக்கு வாரம் 80 மணி நேரம் என்று வரம்பு வைத்தது, அது சலுகையாகச் செய்தியில் வந்தது. சலுகையே 80 என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கே: நாங்கள் லண்டன் ஹாரோவில் இருக்கிறோம். மகன் ஏ-லெவல் முதல் வருடம். இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங் போக வேண்டுமானால் பொருளாதாரம்தான் எடுக்க வேண்டுமா? வீட்டிலிருந்தே போய்வரக்கூடிய யுனிவர்சிட்டி போதாதா? (வாசகி, ஹாரோ)

ப: அங்கே பாடத்தைவிட யுனிவர்சிட்டியின் பேர்தான் பேசும். ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ், எல்எஸ்இ (லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ்), இம்பீரியல், யுசிஎல் (யுனிவர்சிட்டி காலேஜ் லண்டன்), வாரிக் போன்ற சில இடங்களில் வங்கிகளே வந்து நிற்கின்றன. சரித்திரம் படித்தவனையும் எடுப்பார்கள், கணக்குப் பார்க்கப் பயப்படாதவனாக இருந்தால் போதும். ஆனால் ஏ-லெவலில் மேத்ஸை மட்டும் விட்டுவிட வேண்டாம், எல்எஸ்இ பொருளாதாரத்துக்கு மேத்ஸில் ஏ ஸ்டார் கேட்கிறார்கள்.

வீட்டிலிருந்தே போய்வர வேண்டுமென்றாலும் எல்எஸ்இ, யுசிஎல், இம்பீரியல் மூன்றும் உங்களுக்கு டியூப் தூரம்தான், ஆகவே அதில் முரண்பாடே இல்லை. இங்கிலாந்தில் கட்டணத்துக்கு அரசு உச்சவரம்பு இருக்கிறது, 2025-26இல் 9,535 பவுண்ட். உள்ளூர் மாணவருக்குப் பெரிய பேர் உள்ள இடமும் சின்ன இடமும் ஏறக்குறைய ஒரே விலை. சாதாரண இடத்தில் சேர்ப்பதால் கட்டணத்தில் மிச்சம் ஒன்றும் வராது.

பலர் கோட்டைவிடுவது காலக்கணக்கில். ஸ்பிரிங் வீக் என்று வங்கிகள் முதல் வருட மாணவர்களைச் சில நாட்கள் அழைத்துப் பார்க்கின்றன, அதற்கு யுனிவர்சிட்டியில் கால் வைத்த இலையுதிர் காலத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும். அங்கே நன்றாகச் செய்தால் அடுத்த கோடை இன்டர்ன்ஷிப், அதில் நன்றாகச் செய்தால் வேலை. முதல் வருடம் ஜாலியாக இருந்துவிட்டு மூன்றாம் வருடம் வேலை தேடலாம் என்று நினைத்தால் வண்டி போயிருக்கும்.

கே: சி.ஏ. இன்டர் பாஸ் செய்துவிட்டேன். தபால் வழியில் பி.காம். ரெகுலர் காலேஜ் போகாதது இந்தத் துறையில் குறையாகப் பார்க்கப்படுமா? (வாசகர், திருநெல்வேலி)

ப: சி.ஏ. முடித்தால் பி.காம் எங்கே என்று யாரும் கேட்கப்போவதில்லை. உங்களுக்குக் கல்லூரி என்பது ஆர்ட்டிகிள்ஷிப், அதாவது சி.ஏ.வுக்கான கட்டாயப் பயிற்சி, செய்யப்போகும் ஆபீஸ்தான், அதை நீங்கள் ஒரு கல்லூரியைத் தேர்வு செய்யும் அக்கறையோடு தேர்வு செய்ய வேண்டும். 2023இல் வந்த புதிய திட்டப்படி அது மூன்று வருடத்திலிருந்து இரண்டாகக் குறைந்துவிட்டது, வீணடிக்க நேரமில்லை. ஊரிலேயே ஒரு ஆடிட்டரிடம் சேர்ந்தால் ஜிஎஸ்டி ரிட்டனும் வருமான வரிக் கணக்கும் நன்றாகக் கைவரும். டீல் வேலைக்கு வேண்டியது வேறு, ஒரு கம்பெனியை வாங்கும் முன் அதன் கணக்கைக் குடைந்து பார்ப்பதும் மதிப்பீடு செய்வதும். அதைப் பார்க்க சென்னையோ மும்பையோ பெரிய ஆடிட் நிறுவனத்துக்குப் போக வேண்டும், ஸ்டைபண்டில் மும்பை வாடகை கட்டுபடியாகாது, வீட்டிலிருந்து பணம் வர வேண்டியிருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கடைசி ஆண்டில் இன்டஸ்ட்ரியல் டிரெய்னிங் என்று ஒரு வசதி இருக்கிறது, வங்கிகளும் ஆள் எடுக்கும், அதைக் குறிவையுங்கள். ஃபைனலை முதல் முயற்சியிலேயே முடித்தால் கேம்பஸில் உங்கள் பேச்சு எடுபடும்.

கே: கோவையில் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு. 7.1 சிஜிபிஏ. தப்பான கோர்ஸ் எடுத்துவிட்டேனா? (வாசகர், கோயம்புத்தூர்)

ப: இல்லை தம்பி, ஐஐஎம் வகுப்புகளில் எண்ணிப்பார்த்தால் இன்ஜினீயர்கள்தான் ஏராளம். 7.1 கொஞ்சம் இடிக்கும், மிச்சமிருக்கும் செமஸ்டர்களில் தூக்கப் பாருங்கள். ஐஐஎம்களில் சேர நவம்பரில் வரும் கேட் (CAT) தேர்வுதான் உங்கள் கதவு. சிஎஃப்ஏ என்கிற சர்வதேச நிதி ஆய்வாளர் தேர்வின் முதல் நிலையை டிகிரி முடிய 23 மாதம் இருக்கும்போதே எழுதலாம், ஆனால் அது மட்டுமே டீல் குழுவில் உட்கார வைக்காது, ஃபண்ட் நிர்வாகம், பங்கு ஆய்வு பக்கம்தான் அதற்கு மதிப்பு அதிகம். இப்போதைக்கு உங்கள் ஊர் எல்ஜி எக்விப்மென்ட்ஸின் ஆண்டறிக்கையை எடுத்து, ஐந்து வருட வரவு செலவையும் பேலன்ஸ் ஷீட்டையும் நீங்களே எக்செல்லில் அடித்து, அடுத்த மூன்று வருடம் எப்படிப் போகும் என்று கணித்துப் பாருங்கள். கம்ப்ரஸர் எப்படி ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியும், எஸ்ஆர்சிசி பையனுக்குத் தெரியாது.

கே: ஆறு மாத இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங் சர்டிஃபிகேட் கோர்ஸுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் கேட்கிறார்கள். முதல் தவணை கட்டினால் சீட் உறுதி என்கிறார்கள். சேரலாமா? (வாசகி, தாம்பரம்)

ப: நீங்கள் தேடுவது முதல் கேள்வியில் சொன்ன இரண்டாவது வகை வேலைதான் என்றால், அதற்கு இவ்வளவு பணம் கட்ட வேண்டியதில்லை. பி.காம் இருக்கிறவர்களை அந்த ஆபீஸ்கள் நேரடியாகவே எடுத்துப் பயிற்சி கொடுக்கின்றன. சான்றிதழ் வேண்டுமென்றால் செபி அமைத்த என்ஐஎஸ்எம் நிறுவனத்தின் தேர்வுகளைச் சில ஆயிரம் ரூபாயில் எழுதலாம், பாடப் புத்தகத்தையும் அவர்களே தருகிறார்கள். டீல் குழுதான் வேண்டும் என்றால் இந்தக் கோர்ஸ் அங்கே கொண்டுபோய் விடாது. எப்படியும் சேர்வது என்று முடிவு செய்திருந்தால், வேலை கிடைக்காவிட்டால் எவ்வளவு பணம், எத்தனை நாளில் திரும்பும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு, அப்புறம் தவணையைக் கட்டுங்கள்.