இரண்டே நாளில் ரோம் பார்க்க முடியுமா?

கேள்வி: நானும் மனைவியும் ஒரு சனி, ஞாயிறு ரோம் போகிறோம். வத்திக்கான் அருங்காட்சியகம் உட்பட எல்லாவற்றையும் பார்த்துவிட முடியுமா?

எல்லாவற்றையும் முடியாது. ஆனால் மனம் நிறையப் பார்க்கலாம். அதற்கு வத்திக்கான் அருங்காட்சியகத்தை இந்த முறை விட்டுவிடுங்கள். மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் அது மூடியிருக்கும். கடைசி ஞாயிறு இலவசம் என்பதால் கூட்டம் அலைமோதும். சனிக்கிழமையை அதற்குக் கொடுத்தால் பாதி நாள் அங்கேயே போய்விடும். நானும் கணவரும் ஜெர்மனியில் இருக்கிறோம், வெள்ளி இரவு கிளம்பி வார இறுதிக்கு ரோம் போய் வந்தவர்கள். அருங்காட்சியகத்தை விட்டதால்தான் எங்களால் ஊரை ஆற அமர நடந்து பார்க்க முடிந்தது.

வத்திக்கானிலேயே இருக்கும் புனித பேதுரு பேராலயம் வேறு, அருங்காட்சியகம் வேறு. பேராலயத்துக்குள் போகக் கட்டணம் இல்லை. சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே போய்விடுங்கள். நேரம் ஆக ஆக வரிசை நீளும். தோளும் முழங்காலும் மூடிய உடை அவசியம். உள்ளே நுழைந்ததும் வலப்பக்கம் இறந்த இயேசுவை மடியில் ஏந்திய மரியாளாக மைக்கேலாஞ்சலோ செதுக்கிய பியெத்தா சிலை இருக்கிறது. அங்கே கொஞ்ச நேரம் நில்லுங்கள்.

அப்புறம் தேவதைச் சிலைகள் நிற்கும் பாலத்தில் டைபர் ஆற்றைக் கடந்து பியாட்சா நவோனாவுக்கு நடங்கள். நடுவில் சிற்பி பெர்னினி 1651-இல் முடித்த நான்கு நதிகளின் நீரூற்று. நைல், டான்யூப், தென் அமெரிக்காவின் ரியோ தெ லா பிளாட்டா, கூடவே நம் கங்கையும்! கையில் நீண்ட துடுப்புடன் தாடி வைத்த ஆணாக உட்கார்ந்திருக்கிறது கங்கை. "கங்கை அம்மா இல்லையா?" என்று என் கணவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

அங்கிருந்து இரண்டு தெரு தள்ளி சான் லூயிஜி தேய் பிரான்செசி என்ற தேவாலயம். மதியம் மூடிவிடுவார்கள், அதற்குள் போய்விடுங்கள். இடப்பக்கக் கடைசிச் சிற்றாலயத்தில் இயேசுவின் சீடரான மத்தேயுவைப் பற்றி கரவாஜியோ வரைந்த ஓவியங்கள் மூன்று இருக்கின்றன. பெட்டியில் நாணயம் போட்டால் விளக்கு எரியும். அதில் ஒன்றில், வரி வசூலிப்பவர்கள் மேசையைச் சுற்றிக் காசு எண்ணிக்கொண்டிருக்க, வலப்பக்கத்திலிருந்து சாய்வாக வெளிச்சம் அவர்கள் முகத்தில் விழுகிறது. விளக்கு அணைந்ததும் யாராவது அடுத்த நாணயம் போடுவார்கள். இவ்வளவு பெரிய ஓவியங்களை நுழைவுச்சீட்டே இல்லாமல் பார்க்கிறோம் என்பது எனக்கு இன்னமும் நம்ப முடியாத விஷயம்.

அடுத்து பாந்தியன் என்ற பழைய ரோமானியக் கோயில். ரோமில் ஒரே ஒரு கட்டடம்தான் பார்க்க முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். பேரரசர் ஹேட்ரியன் காலத்தில் எழுந்த இதன் குவிமாடம் 43 மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான விட்டம் கொண்டது. உள்ளே ஒரு கம்பிகூடக் கிடையாது, வெறும் கான்கிரீட். மேலே போகப் போகச் சுவரை மெல்லியதாக்கி, கலவையில் எடை குறைந்த எரிமலைக் கல்லைச் சேர்த்திருக்கிறார்கள். உச்சியில் வானம் பார்த்த வட்டத் திறப்பு. மழை பெய்தால் நேராக உள்ளே விழும். தரையில் உள்ள சிறு துளைகள் வழியாக வடிந்துவிடும். வெயில் நாளில் அந்தத் திறப்பின் ஒளிவட்டம் சுவரில் மெல்ல நகர்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். இங்கே நுழைவுக்கட்டணம் உண்டு.

ஞாயிற்றுக்கிழமையைக் கொலோசியத்துக்கும், பக்கத்திலேயே இடிபாடுகளாக இருக்கும் பழைய ரோமானிய மன்றத்துக்கும் (ஃபோரம்) வையுங்கள். அன்று கொலோசியத்துக்குப் போகும் பெரிய சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுவதால் நடப்பது சுகம். சீட்டை முன்கூட்டியே வாங்குங்கள். பெயர் போட்டிருக்கும், பாஸ்போர்ட் கேட்பார்கள். கொலோசியச் சுவரெங்கும் இருக்கும் ஓட்டைகள், கற்களைப் பிணைத்த இரும்பைப் பிற்காலத்தில் பிடுங்கியதன் தழும்பு. மன்றத்தில் பேரரசர் மாக்சென்டியஸ் பெயரிலுள்ள பெரிய கட்டடத்தைத் தவறவிடாதீர்கள். அது எழுவதற்கு முன்பு, பேரரசர் டொமிஷியன் காலத்தில், அந்த இடத்தில் மிளகுக் கிடங்கு இருந்தது. சேரநாட்டு முசிறியில் கப்பலேறிய மிளகு வந்து சேர்ந்த நகரம் இது.

அன்றைக்கு மதியம் மிளகும் சீஸும் மட்டும் போட்ட காச்சோ எ பெப்பே பாஸ்தா சாப்பிடுங்கள். சுத்த சைவம் பார்ப்பவர்களுக்கு ஒரு விஷயம்: அதில் சேரும் பெகோரினோ சீஸை உறைய வைப்பது ஆட்டுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் பொருள். வேண்டாமென்றால் மரினாரா பீட்சா கேளுங்கள். தக்காளி, பூண்டு, எண்ணெய்தான், சீஸே கிடையாது. காபியை மேசையில் உட்காராமல் நின்றபடி குடித்தால் விலை குறைவு. தண்ணீர் வாங்கவே வேண்டாம், தெருவெங்கும் இருக்கும் குழாய்களில் நல்ல குடிநீர் கொட்டுகிறது.

தங்குவதற்கு ரயில் நிலையப் பக்கம் மலிவு. ஆனாலும் இரண்டே இரவு என்பதால் பாந்தியன் பக்கம் அறை எடுங்கள், பணம் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. அங்கிருந்து ட்ரெவி நீரூற்று நடந்து போகும் தூரம்தான். பொழுது விடியும்போதே போனால் நெரிசல் இல்லாமல் பார்க்கலாம்.