துடுப்பில்லாத கூம்பு ராக்கெட் கம்பியை விட்டதும் குட்டிக்கரணம் போடுவது ஏன்

உங்கள் அட்டைக் கூம்பு ராக்கெட் ஏவுகம்பியை விட்டதும் ஏன் கவிழ்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். 15 செ.மீ. அகல அடிப்பகுதி, 20 செ.மீ. உயரம், இன்ஜினோடு 80 கிராம், நுனியிலிருந்து 14.5 செ.மீ.யில் சமநிலைப் புள்ளி என்று எழுதியிருக்கிறீர்கள். கோளாறு அந்தக் கடைசி எண்ணில்தான். கூம்பின் அழுத்த மையம் (பக்கவாட்டுக் காற்றுவிசை மொத்தமாகச் செயல்படும் புள்ளி) நுனியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு உயரத்தில், அதாவது 13.3 செ.மீ.யில் இருக்கும். எடை மையம், அதாவது சமநிலைப் புள்ளி, அதற்குப் பின்னால் போனதால் கவிழ்கிறது. அட்டையை மாற்றவேண்டாம்.

நுனியிலிருந்து 3 செ.மீ. தள்ளி 22 கிராம் களிமண் வைத்து எபாக்சி ஊற்றுங்கள். சமநிலைப் புள்ளி 12 செ.மீ.க்கு வந்துவிடும். நீண்ட ராக்கெட்டுகளுக்குச் சொல்லும் 'ஒரு விட்டம் இடைவெளி' விதி (எடை மையம் அழுத்த மையத்துக்கு ஒரு விட்ட அளவு முன்னால் இருக்கவேண்டும் என்பது) இந்தக் குட்டை வடிவத்துக்குப் பொருந்தாது. அகன்ற அடியின் பின்னிழுப்பே ஓரளவு நேராக்கும். மொத்த எடை 102 கிராம். எஸ்டெஸ் நிறுவனத்தின் சி6 மாதிரி ராக்கெட் இன்ஜின் தூக்கக்கூடிய எடைக்கு எல்லை 113 கிராம், ஆகவே இனி பெயின்டில் சிக்கனம் தேவை.

எடை சேர்ப்பதற்குப் பதிலாக இன்ஜினை அதன் குழாய்க்குள்ளேயே மேலே தள்ளிவிடலாம் என்று தோன்றும். தயவுசெய்து செய்யாதீர்கள். குழாயின் ஒரு விட்ட அளவுக்கு உள்ளே போனாலே உந்துவிசை பெருமளவு வீணாகும், குழாயும் கருகும்.

ஏவுகம்பிக்கான ஸ்ட்ராவைச் சரிவான வெளிப்பக்கத்தில் ஒட்டாமல், உள்ளே இன்ஜின் குழாயை ஒட்டி, அதற்கு இணையாகச் செலுத்துங்கள்.

பிறகு, புது இன்ஜினைப் பொருத்தி, சமநிலைப் புள்ளியில் 2 மீட்டர் நூல் கட்டித் தலைக்கு மேல் சுழற்றிப் பாருங்கள். நுனி முன்னோக்கியே போகவேண்டும். போகாவிட்டால் ஏவவேண்டாம், இன்னும் 5 கிராம் சேருங்கள். காற்றுத்தடை அதிகமான வடிவம் சீக்கிரம் வேகமிழக்கும் என்பதால் சி6-5 வேண்டாம், சி6-3 போடுங்கள் (கடைசி எண், உந்துவிசை நின்றபின் மீட்பு வெடிப்பு வரை கழியும் நொடிகள்).